சட்டைப் பொத்தான் ராஜா

"இன்னைக்கு அவனை அழ வைக்காம விடமாட்டேன்," என்றபடி தையல்காரர் கட்டம் போட்ட செக்கர்ஸ் பலகையை மேஜைமேல் விரித்தார். மனைவி நாற்காலியை மட்டும் இழுத்துப் போட்டுவிட்டுப் போனாள்.

அவள் என்ன பேசுவாள்? வரப்போகிறவன் அவளுடைய தம்பி.

போன வருஷம் பக்கவாதம் வந்து தையல்காரரின் வலது கை விழுந்துவிட்டது. அவர் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்புவதற்குள் மைத்துனன் தையல் மெஷினைத் தன் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். "செக்கர்ஸ்ல என்னை ஒரே ஒரு ஆட்டம் ஜெயிச்சுக் காட்டுங்க மாமா, திருப்பித் தர்றேன்" என்று சிரித்தானே, அந்தச் சிரிப்பை நினைத்தால் அவருக்குச் சோறு இறங்காது.

போதாததற்குச் சட்டம் வேறு போட்டான். வலது கையால்தான் காயைத் தொட வேண்டும். எதிராளியின் காயைத் தாண்டி வெட்ட வழி இருந்தால் வெட்டியே தீர வேண்டும். வெட்டிய காயை எடுத்து டப்பாவில் போட வேண்டும். வேண்டுமென்றே தன் காய்களை அவர் வெட்டுவதற்கு நீட்டுவான். அவர் தட்டுத் தடுமாறி ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டு முடிப்பதற்குள், வேறொரு மூலையில் அவருடைய காய்கள் மூன்றைத் தாண்டிவிடுவான்.

காயிலும் குசும்புதான். முதலில் ஜாடி மூடிகளைக் கொண்டு வந்தான். அவர் கொஞ்சம் நிமிர்ந்ததும் சோடா மூடிகள், அப்புறம் கோட்டுப் பொத்தான்கள்.

பிடித்து அமுக்கச் சொல்லி ஆஸ்பத்திரியில் கொடுத்த ரப்பர் பந்தை அன்றைக்கே வீசியெறிந்தவர், இவனைப் பழிவாங்க வேண்டும் என்று பகலெல்லாம் தனியாக ஆடிப் பழகினார். கடவுளிடமும் வேறெதையும் கேட்கவில்லை. 'சாமி, ஒரே ஒரு தடவை அவன் தோக்கணும்.'

மைத்துனன் வந்தான். பையிலிருந்து சட்டைப் பொத்தான்களைக் கொட்டினான்.

"இதென்னடா, அடுத்தது கடுகா?"

"தோக்கப் போறவங்களுக்கு எந்தக் காயா இருந்தா என்ன மாமா?"

பல்லைக் கடித்துக்கொண்டு ஆடினார். கடைசியில் அவனிடம் மூன்று காய் மிஞ்சின. அதில் ஒன்று பின்வரிசையைக் காவல் காத்தபடி அசையாமல் நின்றது. தையல்காரர் தன் காய் ஒன்றைக் கொண்டுபோய் அதன் வாயருகே வைத்தார்.

"வெட்டுடா. உன் சட்டம்தானே?"

வெட்டித்தான் ஆகவேண்டும், வெட்டினான். காவல் போனது. அடுத்த நகர்த்தலில் அவர் காய் அவனுடைய கடைசி வரிசையில் போய் நின்றது. அங்கே போய்ச் சேர்ந்த காய் ராஜா ஆகிவிடும், பின்னோக்கியும் தாவலாம்.

"ராஜா!" என்று கத்தினார்.

"கத்தினா ஆச்சா? மேல இன்னொரு பொத்தானை வையுங்க. விழுந்தா ராஜா இல்ல."

கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நடுங்கின. மூச்சை அடக்கி, பொத்தான்மேல் பொத்தானை வைத்தார். நின்றது.

அவன் ஒரு காயை நகர்த்தினான். அவ்வளவுதான். ராஜா பின்னோக்கித் தாவி ஒன்று, இரண்டு, மூன்று என்று எல்லாவற்றையும் தாண்டிவிட்டார். வெட்டுப்பட்ட பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுத்து, ஒன்றுகூட நழுவாமல் டப்பாவில் போட்டார் தையல்காரர்.

நிமிர்ந்து பார்த்தார். அவர் ஆசைப்பட்டபடியே மைத்துனன் அழுதுகொண்டிருந்தான். பலகையை அவன் பார்க்கவே இல்லை. அவர் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான். கதவோரத்தில் நின்ற மனைவியும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

"அழுதது போதும். மெஷின் எங்கடா?"

"வாசல்ல ஆட்டோவில இருக்கு. எண்ணெய் போட்டுத் துடைச்சு வச்சிருக்கேன்."

"ஆட வர்றதுக்கு முன்னாடியேவா ஏத்திட்ட?"

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சட்டைப்பையிலிருந்து எதையோ எடுத்து அவருடைய வலது உள்ளங்கையில் வைத்தான்.

"இப்ப இந்த ஊசியில நூலைக் கோர்த்துக் காட்டுங்க, மாமா."