கான்ட்ராக்டர் சார்

"செருப்பைக் கழத்துங்க அண்ணாச்சி. வெறுங்காலோட மிதிச்சுப் பாருங்க!"

சிவகணேஷ் ஆரம்பித்துவிட்டான். அடுக்களையில் காபிக்குப் பால் வைத்துக்கொண்டிருந்த அவன் மனைவி அனுராதாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வீட்டுக்கு யார் வந்தாலும் இதே கூத்துதான். வந்தவர் உட்காருவதற்குள் புறவாசலுக்கு இழுத்துக்கொண்டு போய்விடுவான். கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவர்களையும் விடவில்லை, கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவரையும் விடவில்லை.

காட்டுவதற்கு அங்கே ஒன்றும் இல்லாமல் இல்லை. சங்கரன்கோவிலில் ஊர்க்கோடியில், ஓடையைப் பார்த்துச் சரிந்து கிடக்கிற மனை அது. ஒரு மழை பெய்தால் பாதி மண் ஓடைக்குப் போய்விடும். துணி காயப்போடப் போனால் கூடவே நாமும் சறுக்கிக்கொண்டு போகவேண்டியதுதான்.

இப்போது அங்கே கருங்கல்லில் ரெண்டு தடுப்புச் சுவர். சரிவு போய், படிப்படியாக மூன்று தட்டு. தட்டு முழுக்கப் பச்சைப்பசேலென்று செயற்கைப் புல். பக்கத்துத் தெரு ஆடு ஒன்று ஆசையாக ஏறி வந்து ஒரு வாய் கடித்துப் பார்த்துவிட்டு, திட்டுவது போலக் கத்திக்கொண்டே போனது.

இத்தனையும் செய்தது அனுராதாவின் கூடப்பிறந்த தம்பி முத்துமணி. விசைத்தறி ஓட்டிக்கொண்டிருந்தவன். தறி நின்றுபோனதும் கோயம்புத்தூர் போய் இந்த வேலையைப் பழகிக்கொண்டு திரும்பி வந்தான். முதல் வேலை அக்கா வீடு. உள்ளூரிலேயே நாலு வேலை பிடித்துவிட்டால் பெண்டாட்டி பிள்ளையோடு இங்கேயே இருந்துவிடலாம். இல்லையென்றால் மறுபடியும் மூட்டையைக் கட்டவேண்டும்.

அனுராதாவின் ஆத்திரமே அதுதான். ஊரையே கூட்டிவந்து காட்டுகிற மனுஷன், செய்தது தன் மச்சினன் என்று மட்டும் ஒருத்தரிடமும் வாயைத் திறப்பதில்லை. தறி ஓட்டினவனை மச்சினன் என்று சொல்ல அவ்வளவு கேவலமாக இருக்கிறதாக்கும்!

இன்றைக்கு மாட்டிக்கொண்டவர் பஜாரில் பாத்திரக்கடை வைத்திருக்கும் குற்றாலநாதன். வாசுதேவநல்லூர்ப் பக்கம் மலையடிவாரத்தில், சரிவான இடத்தில் பெரிதாக வீடு கட்டிக்கொண்டிருக்கிறார்.

"யாருவே இதைச் செஞ்சது? கோட்டைச் சுவரு மாதிரில்லா நிக்கு!"

"அதை ஏன் கேக்கிய அண்ணாச்சி. கோயம்புத்தூர்ல பெரிய பெரிய வேலையெல்லாம் பார்த்த ஆளு. அவர்ட்ட டேட் வாங்குததுக்குள்ள எனக்குத் தாவு தீந்துட்டு!"

டேட்டாம்! அந்த ஆளு காலையில்தான் இந்த அடுக்களையில் உட்கார்ந்து சட்னியை வழித்து வழித்து இட்லி தின்றுவிட்டுப் போயிருக்கிறான்.

பார்த்தால், முத்துமணியே வந்து நிற்கிறான். சுவரில் தண்ணீர் வடிவதற்கு விட்ட குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்க வந்திருந்தான்.

சிவகணேஷ் சட்டென்று கையெடுத்துக் கும்பிட்டான். "வாங்க கான்ட்ராக்டர் சார்! உங்களுக்கு நூறு ஆயுசு!"

"வணக்கம் சார்," என்றான் முத்துமணியும், யாரோ எவரோ மாதிரி.

"தம்பி, நம்ம வேலைக்கு எப்ப வருவீய? அட்வான்ஸை இப்பவே பிடிங்க!" என்று குற்றாலநாதன் சட்டைப் பைக்குள் கையை விட்டார்.

காபியோடு வந்த அனுராதாவுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை.

"சாரா? எந்த ஊரு சாரு? அண்ணாச்சி, இவன் என் கூடப்பிறந்த தம்பி! சொந்த மச்சினன்னு சொல்ல இவுகளுக்கு நாக்கு வரல!"

"மச்சினனா?"

குற்றாலநாதனின் கை பையிலிருந்து வெறுமனே வெளியே வந்தது. சிவகணேஷை மேலும் கீழும் ஒரு பார்வை பார்த்தார். சுவர்ப்பக்கம் போய், தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் பார்த்தார்.

"சுவரு லேசா சாஞ்ச மாதிரில்லா தெரியுது?"

"அண்ணாச்சி, அது..."

"இருக்கட்டும் இருக்கட்டும். வீட்ல கலந்துக்கிட்டுச் சொல்லுதேன்." காபியைத் தொடாமலே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

"போனா போகட்டும்," என்றாள் அனுராதா. "இனிமேலாவது என் தம்பியை மச்சினன்னு வாய் நிறையச் சொல்லுங்க."

முத்துமணி புல்லில் பொத்தென்று உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தான். "கெடுத்தியே அக்கா!"

"நான் என்னலே கெடுத்தேன்?"

"அத்தான் முதல்ல 'என் மச்சினன், என் மச்சினன்'னுதான் அவுக ஆபீஸ் முழுக்க என்னைக் கூட்டிட்டு அலைஞ்சாக. ஒருத்தனும் நம்பல. 'மச்சினனுக்கு ஆள் பிடிக்கீரா'ன்னு சிரிச்சானுவ. பிறகுதான் நான் சார் ஆனேன். டாக்டரம்மா வீட்டு வேலை பின்ன எப்படி வந்துச்சாம்? ஸ்கூல்லயும் கேட்டிருக்காக. இனி நான் ஊரை விட்டு எங்க போகப்போறேன்!"

அனுராதா புருஷன் பக்கம் திரும்பினாள். இத்தனை நாளும் மனசுக்குள் இந்த மனுஷனை எத்தனை ஏச்சு ஏசியிருப்பாள்!

"இதை என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா என்னங்க?"

"சொன்னா தம்பி பெருமையைப் பேசாம உன் வாய் சும்மா இருக்குமாக்கும்?" குற்றாலநாதன் விட்டுப்போன காபியை எடுத்து ஒரு மிடறு குடித்துவிட்டுச் சிவகணேஷ் சிரித்தான்.

"அந்தச் சுவரு இவ்வளவு நேரமும் நேராத்தான் நின்னுது ஏட்டி. மச்சினன் கட்டுனதுன்னு நீ சொன்ன பிறகுதான் சாஞ்சுட்டு!"