நனைந்த தரை

இதில் ஒரு வார்த்தை பொய்யென்றாலும் என் நாக்கு அழுகிப்போகட்டும்.

மைத்துனன் எனக்கு விற்ற பழைய கேரவன் வண்டியின் மரத்தரை மூன்றே மாதத்தில் இற்றுப்போனது. கால் வைத்தால் முழங்கால்வரை உள்ளே போகும். சுவரில் முளைத்த காளான் காட்டுக்குள் விழுந்த என் தொப்பி பத்து நாள் கழித்துத்தான் கிடைத்தது.

“சொந்த அக்கா புருஷனையே ஏமாத்திட்டியேடா!” என்று என் மனைவி தம்பியோடு பேச்சை நிறுத்தினாள்.

மறுநாளே அவன் பிளைவுட்டும் ரம்பமுமாக வந்து நின்றான்.

“சத்தியமா கூரை ஒழுகலக்கா. எங்கிட்ட இருந்தவரைக்கும் பொட்டுத் தண்ணி இறங்கினதில்ல.”

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மூன்று வாரம் முட்டிபோட்டுத் தரையைப் பெயர்த்தான், சுவர்ப்பலகைகளை மாற்றினான். பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த என் கையில் டீ ஆறிப்போனது.

கடைசி ஆணியை அடித்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டான். “மன்னிச்சிருங்க அத்தான். எப்படி நனைஞ்சுதுன்னே தெரியல.”

“விடுப்பா, நான் அப்பவே மறந்துட்டேன்” என்றேன், பெருந்தன்மையாக.

அப்புறம்தான் அவனுடைய அக்கா அவனைச் சாப்பிடக் கூப்பிட்டாள்.

அந்த மூன்று மாதமும், அவள் கடைக்குப் போன நேரங்களில், பெருக்கித் துடைக்கச் சோம்பல்பட்டு, வண்டியின் உட்புறத்தை ஹோஸ் பைப்பால் தண்ணீர் பீய்ச்சிக் கழுவியவன் நான்.