மூன்றாவது தடவை மரியாதைக்கு

மஸ்தூரா அப்ரோருக்குத் தர வேண்டிய பாக்கி எழுபத்தையாயிரம் சோம்.

பாதியை முன்பணமாகக் கொடுத்திருந்தாள். மீதி, சான்றிதழ் கைக்கு வந்த பிறகு. அப்ரோர் பக்கத்துப் பள்ளியின் கணினி வாத்தியார். அவளுக்காகவே கண்விழித்துச் செய்ததாகச் சொல்லித்தான் அந்தப் புதுமைத் திட்டத்தை விற்றான்.

"உங்களுக்கு மட்டும்தான்க்கா. வேற யார்கிட்டயும் மூச்சு விடல."

நமங்கானில் நாலு வாரப் பயிற்சி. ஆசிரியர்களின் அறிவியல் திறனையும் புதுமைத் திறனையும் வளர்ப்பதற்கு. இன்று கடைசி நாள். ஆளுக்கொரு சொந்தத் திட்டத்தை நடுவர்களுக்குக் காட்ட வேண்டும். தேறாவிட்டால் செப்டம்பரில் மஸ்தூராவின் இயற்பியல் வகுப்புகளில் பாதி கைவிட்டுப் போய்விடும்.

முதல் ஆள் எழுந்தார். திரையில் படம் காட்டும் படக்கருவியை அப்ரோர்தான் ஓட்டினான். மஸ்தூரா திரையை நிமிர்ந்து பார்த்தாள்.

அவளுக்கு அவன் விற்ற அதே தலைப்பு. நுண்ணோக்கியோடு சிரிக்கும் அதே சிறுமி.

இரண்டாமவரும் அந்தச் சிறுமியைத் தன் மாணவி என்றார். மூன்றாமவரும்.

நான்காமவர் வந்தபோது நடுவர்களின் தலைவி தேநீர்க் குடுவையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"இந்தப் பொண்ணு மொத்தம் எத்தன பள்ளிக்கூடத்துலதான் படிக்குது?"

ஐந்தாவது ஆள் மஸ்தூரா. வெறுங்கையோடு போய் நின்றாள்.

சாயம் நன்றாக இறங்க மூன்று தடவை ஊற்றும் ஊர் வழக்கப்படி, தலைவி கிண்ணத்தில் ஊற்றிய தேநீரைத் திரும்பக் குடுவைக்குள்ளேயே ஊற்றிக்கொண்டிருந்தார். ஒன்று. இரண்டு.

"போதும்மா. மூணாவது தடவ வேண்டியதில்ல." மஸ்தூராவின் வாய் முந்திக்கொண்டது.

இனி நிறுத்த முடியாது.

போன பருவத்தில் தன் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் மூன்று வாரம் வீட்டில் ஊற்றி ஊற்றிப் பார்த்ததைச் சொன்னாள். கிண்ணத்தை வெள்ளைத் தாளில் வைத்து நிறம் பார்ப்பார்கள். இரண்டாம் தடவைக்குப் பிறகு நிறம் மாறவே இல்லை. தேயிலையை வீணாக்கியதற்காக இரண்டு பேர் வீட்டில் அடி வாங்கினார்கள்.

"அப்போ மூணாவது எதுக்கு?" என்றார் தலைவி.

"அது மரியாதைக்கு."

நடுவர்கள் மூவரும் வெள்ளைத் தாளைத் தேடினார்கள். தலைவி அவள் பெயருக்கு நேரே குறி போட்டார்.

அவளுக்குப் பிறகு அந்தச் சிறுமி இன்னும் ஆறு பள்ளிகளில் படித்தாள்.

பட்டியலில் கடைசியாக ஒரு பெயர் மிச்சம். தலைவி அதை வாசித்ததும் படக்கருவிக்குப் பக்கத்தில் செருமல் கேட்டது.

எழுந்து வந்த அப்ரோர், மஸ்தூராவின் நாற்காலி அருகே செருப்பைச் சரிசெய்வதுபோல் குனிந்தான்.

"அந்த எழுபத்தையாயிரத்த மறந்துடுங்கக்கா. இதே மாதிரி இன்னொண்ணு கைவசம் இருக்கா?"