மாடி வீட்டு கிராமபோன்

கதவு படபடவென்று தட்டப்பட்டது. கீழ் வீட்டு ஹவுஸ் ஓனர் ராஜகோபால் மூச்சிரைக்க நின்றார்.

"முதல்ல பாட்டை நிறுத்துப்பா!"

சுகுமார் பதறிப்போய் ஊசியைத் தூக்கினான். போனஸ் பணத்தில் படப்பையில் ஒரு பழைய சாமான் கடையில் ஆசையாக வாங்கிய கிராமபோன். சாவி கொடுத்து வைத்த முதல் பாட்டே இன்னும் முடியவில்லை.

"சாரி சார். இதுல சத்தத்தைக் குறைக்க முடியாது. குழாய்க்குள்ள துணி அடைச்சிடறேன்."

நசுங்கிய அந்தக் குழாயிலேயே ராஜகோபாலின் கண் நின்றது.

"அதெல்லாம் வேணாம். இந்தப் பெட்டி இந்த வீட்ல இருக்கக் கூடாது!"

"எங்களைக் காலி பண்ணச் சொல்லிடாதீங்க சார்," என்றாள் சுகுமாரின் மனைவி தீபலட்சுமி, கண் கலங்க. "நாளைக்கே வித்துடறோம்."

ராஜகோபால் படிக்கட்டை எட்டிப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"நாளைக்கா? என் வைஃப் இப்ப கோயில்லேருந்து வந்துடுவாம்மா! இது அவ அப்பா கொடுத்த பெட்டி. திருட்டுப் போச்சுன்னு சொல்லிட்டு நான்தான் வித்தேன்!"