அடுப்புக்கு ஒரு பூட்டு

“அடுப்பு, ஓவன், கெட்டில்... எதையும் விடாதீங்க. எல்லாத்துக்கும் சாவி போட்டுத் திறக்கற சுவிட்ச்தான். என் தங்கச்சி கை அதுல படவே கூடாது!”

சமையலறை வாசலில் நின்று எலெக்ட்ரீஷியனுக்கு உத்தரவு போட்டுக்கொண்டிருந்தார் அண்ணன்.

கூடத்தில் தங்கை உட்கார்ந்திருந்தாள். பிறவியிலிருந்தே பார்வை இல்லை. வலது உள்ளங்கையில் பெரிய கட்டு. போன வாரம், சமைப்பதற்கு முன்னால் கரண்ட் அடுப்பை வழக்கம்போல் ஈரத்துணியால் துடைக்கப் போனவள், கனன்றுகொண்டிருந்த தட்டில் கையை வைத்துவிட்டாள்.

இத்தனை வருஷமாக அந்த வீட்டுச் சமையல் அவளுடையதுதான். வக்கணையாகச் சாப்பிட்டபோதெல்லாம் அண்ணனுக்கு அவள் கண் ஞாபகம் வந்ததில்லை. கை வெந்ததும் பாசம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

“அண்ணா, அடுப்பை மட்டும் என்கிட்டேருந்து பிடுங்கிடாதே. அப்புறம் இந்த வீட்ல நான் வெறும் விருந்தாளி.”

“பேசாம இரு. உனக்கு ஒண்ணுன்னா ஊர் என்னைத்தானே கேக்கும்?”

பாவம், ஊருக்கு வேறு வேலையே இல்லை.

எலெக்ட்ரீஷியன் பழைய சுவிட்சுகளைக் கழற்ற, அண்ணன் போனில் நண்பரிடம் ஆரம்பித்துவிட்டார். “ஆமாப்பா, நான்தான் பொறுப்பா பாத்துக்கணும். இந்த மாதிரி உள்ளவங்களுக்கு என்ன தெரியும்? எதைப் போட்டோம், எதை அணைச்சோம்னே...”

“அண்ணா, பாத்ரூம்ல குழாய் ஓடுது” என்றாள் தங்கை.

முகம் கழுவிவிட்டு வந்தவர் அவர்தான். பேச்சை நிறுத்தாமலே போய் மூடிவிட்டு வந்தார். “...ஞாபகம் இருக்காதுப்பா!”

அண்ணி மட்டும் வாயைத் திறக்கவில்லை. சுவரில் சாய்ந்தபடி வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ‘நாத்தனாரைச் சமையலறையிலிருந்து விரட்டியாச்சுன்னு உள்ளுக்குள்ள சந்தோஷம் போல’ என்று எலெக்ட்ரீஷியன் மனசுக்குள் கறுவினான்.

வேலை முடிந்தது. சாவியைத் திருப்பினால்தான் அடுப்புக்குக் கரண்ட் வரும். திருப்பிக் காட்டிவிட்டுச் சாவிக்கொத்தை நீட்டினான்.

அண்ணன் போன் பேச்சை முடிக்காமலே கம்பீரமாக மறு கையை நீட்டினார். அதற்குள் அண்ணி குறுக்கே புகுந்து வாங்கி, நேராகக் கூடத்துக்குப் போய், தங்கையின் இடது கையில் வைத்து மூடினாள்.

“உனக்குப் பைத்தியமா? சாவியை அவகிட்டயே கொடுத்தா பூட்டு எதுக்கு?” அண்ணன் கத்தினார்.

“அண்ணி, வேண்டாம். சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கீங்க!” தங்கை பதறினாள்.

“பண்ணினேன். இவர் உன்னைப் பத்தி ஊரெல்லாம் தம்பட்டம் அடிக்கறதைக் கேட்டுக்கிட்டுச் சும்மா இருக்கறேன்னு பண்ணலை.” அண்ணி கணவர் பக்கம் திரும்பினாள். “அன்னிக்கு லீவு போட்டுட்டு வீட்ல இருந்தீங்களே, நீங்களே காபி போட்டுக் குடிச்சீங்களே, அடுப்பை அணைச்சீங்களா? நான் உள்ளே வரும்போது இவ கை வெந்து நிக்கறா, பக்கத்துல உங்க காபி டம்ளர். அதைக் கழுவி வெச்சுடுங்க அண்ணி, அண்ணனுக்குத் தெரிஞ்சா மனசு உடைஞ்சுபோகும்னு அழுதவ இவ!”

அண்ணனின் கையிலிருந்த போனில், “ஹலோ, ஹலோ” என்று நண்பரின் குரல் கேட்டது. அதையும் அவர் அணைக்கவில்லை.

எலெக்ட்ரீஷியன் அண்ணியின் முகத்தைப் பார்க்கக் கூசி, கீழே கிடந்த வயர் துண்டுகளைப் பொறுக்கினான்.

தங்கை எழுந்தாள். சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு அண்ணனின் தோளைத் தடவித் தட்டிக்கொடுத்தாள்.

“விடுண்ணா. காபி வேணும்னா என்கிட்ட கேளு, போட்டுத் தரேன். நீ மட்டும் அடுப்புப் பக்கம் வராதே. உனக்கு ஒண்ணுன்னா ஊர் என்னைத்தானே கேக்கும்?”