சிரித்தவர்கள் எண்ணிக்கை

மத்தியான வெயில் சாப்பாட்டு மேஜையின் பாதிவரை வந்து நிற்கிறது. ரிசர்ச் அனலிஸ்ட் வேலைக்குத் தம்பி போடும் முப்பத்தோராவது விண்ணப்பம் இது. கடைசிக் கட்டத்தில், ‘உங்களைப் பற்றி நகைச்சுவையாக எழுதவும்’ என்றிருக்கிறது. எழுதியதை முகத்தில் சலனமே இல்லாமல் வாசித்துக் காட்டுகிறான். அக்கா துவைத்த துணிகளை மடித்தபடி கேட்கிறாள். “சிரிப்பு வருதாக்கா?” “நல்லாத்தான்டா இருக்கு.” கணக்கெடுக்கும் பழக்க தோஷத்தில், அக்காவையும் சேர்த்துக் கேட்டவர்கள் நான்கு, சிரித்தவர்கள் பூஜ்யம் என்று தாளில் குறித்துவிட்டு, மடிக்கணினியில் ‘அனுப்பு’ பொத்தானை அழுத்துகிறான். விரலை எடுப்பதற்குள் பதில் வந்துவிடுகிறது: ‘நிதானமாகப் படித்து மிகவும் ரசித்தோம். வேறிடத்தில் வெற்றி பெற வாழ்த்துகள்.’ எட்டிப் பார்த்த அக்கா, மடியிலிருந்த துணியெல்லாம் சரியச் சிரிக்கிறாள். அவன் பூஜ்யத்தை அடித்துவிட்டு ஒன்று என்று எழுதுகிறான்.