வளைவில் ஒரு வாய்த் தண்ணீர்

சக்கரம் வைத்த வீடு ஒன்று இருந்தது. கோடை முழுக்க ஊர் ஊராகச் சுற்றிவிட்டு, குளிர்காலத்தில் ஒரு மரத்தடியில் சும்மா நிற்கும். பனி விழுவதற்கு முன் அதன் சொந்தக்காரர் தொட்டியைத் திறந்து தண்ணீரை வெளியே விட்டார். குழாயிலும் வாய் வைத்து ஊதிவிட்டு, வண்டியின் கதவைப் பூட்டிவிட்டுப் போனார்.

தொட்டி காலியாகிவிட்டது. குழாய் மட்டும் தன் வளைவில் ஒரு வாய்த் தண்ணீரை இறுக்கிப் பிடித்து வைத்துக்கொண்டது.

"மிச்சம் ஏதும் இருக்கிறதா?" என்று தொட்டி கேட்டது.

"சொட்டுகூட இல்லை," என்றது குழாய். சொல்லும்போதே உள்ளே களகளவென்றது.

"அதை எதற்கு வைத்திருக்கிறாய்?"

"ஒரு அவசரத்துக்கு ஆகும். உன்னைப்போல எல்லாவற்றையும் கொட்டிவிட்டு என்னால் நிற்க முடியாது."

பனி வந்தது. வளைவில் இருந்த தண்ணீர் உறைந்து பருத்தது.

"கொஞ்சம் தள்ளிக்கொள்," என்றது அது.

"இடமில்லை. நீ வெளியே போய்விடு," என்றது குழாய்.

"அன்றைக்கு விட்டிருந்தால் போயிருப்பேன். இப்போது என்னால் நகர முடியாது."

குழாய் நெடுகக் கீறல் விட்டது.

வெயில் திரும்பியதும் பனிக்கட்டி உருகி, கீறல் வழியாக ஒழுகிப் போய்விட்டது. சொந்தக்காரர் வந்து தொட்டியை நிரப்பினார். தரையெல்லாம் நனைந்தது. குனிந்து குழாயைப் பார்த்தவர், அறுக்கிற வாளை எடுத்துவரப் போனார்.

"பார்த்தாயா, இருந்த கொஞ்சமும் போய்விட்டது," என்று குழாய் தொட்டியிடம் சொன்னது. "அடுத்த தடவை இன்னும் கூடுதலாக எடுத்து வைக்க வேண்டும்."